மொட்டைமாடி முகாம்

காஞ்சிபுரம்
20 ஜூன் 2020

அன்புள்ள ஜோதி,

முதல் வரியில் 'இயேசுவுக்கே புகழ்' என்று எழுதாவிட்டால் உங்கள் மதர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்கிறார் உன் அண்ணன். எழுதிவிட்டேன். நான், உன் அண்ணன், முசரவாக்கத்தில் உன் அம்மா எல்லாரும் சுகம். கபசுரக் குடிநீர் குடித்துக் குடித்து நாக்குதான் செத்துப்போய்விட்டது.

இந்தக் காலத்திலும் கடிதம் எழுதுகிற நாத்தனார் எனக்குத்தான் வாய்த்திருக்கிறாள். கன்னியர் மடத்தில் பயிற்சி முடியும்வரை போன் கூடாது என்றதும், "ஒரு வாரம் தாங்க மாட்டா, பாரு. பஸ் ஏறி வந்துருவா" என்று உன் அண்ணன் என்னிடம் பந்தயம் கட்டினார். தோற்றுவிட்டார். இன்னும் எனக்குச் சேர வேண்டிய பிரியாணி வரவில்லை.

சாரணியர் சங்கதி கேட்டிருந்தாய். மே மாதம் ஏலகிரியில் முகாம் நடந்திருக்க வேண்டும். என் அணித் தலைவி கீர்த்தி இரண்டு வருஷமாக அதற்காகவே மூட்டை கட்டி வைத்திருந்தாள். பள்ளிக்கூடமே பூட்டிக் கிடக்கும்போது ஏலகிரியாவது ஒன்றாவது. அழுத பிள்ளைகளைச் சமாளிக்க ஒரு யோசனை சொன்னேன். அவரவர் வீட்டு மொட்டைமாடியில், பழைய புடவையால் கூடாரம் கட்டிக்கொண்டு முகாம். பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள்தானே, மாடிக்கு மாடி பார்த்துக்கொள்ளலாம். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானா என்பார்கள். நாங்கள் கூரையாவது ஏறிவிட்டோம்.

அணியில் இருக்கும் வடிவு வீட்டில் தறி ஓடவில்லை. தறிக் கயிற்றை அவிழ்த்துக் கூடாரம் கட்டிவிட்டாள். நான் போனில் ஒரு முடிச்சு சொல்லிக் கொடுத்தால், "அறுந்த இழைக்கு எங்கப்பா போடுறது மிஸ் இது" என்று சிரிக்கிறாள். சரி, எனக்கு வேலை மிச்சம்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கட்டளை கொடுக்க விசில்தான். நீளமாக ஒரே ஊதல் என்றால் 'அசையாமல் நில், அமைதி'. சின்னச் சின்னதாக விட்டு விட்டு ஊதினால் 'எல்லாரும் என்னிடம் ஓடி வா'. இரண்டாவதை மட்டும் இப்போது ஊதுவதில்லை. வரக் கூடாதே.

உன் அண்ணனுக்கு ஒரே கொண்டாட்டம். "நான் டிரைவரு, நீ கண்டக்டரு. சாப்பாடு ரெடின்னா ரெண்டு விசிலு குடு" என்கிறார். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியைத் திறந்துவிட்டார்கள், பஸ் எடுக்கப் போய்க்கொண்டிருக்கிறார். உனக்குத் தனியாக எழுதுவதாகச் சொன்னார். நம்பிக்கொண்டு உட்காராதே.

அன்புடன்,
அண்ணி சுகாசினி

*

திண்டிவனம்
5 ஜூலை 2020

இயேசுவுக்கே புகழ்!

அன்பான அண்ணிக்கு, ஜோதிகா எழுதுவது. இங்கே தினமும் காலையில் எல்லார் நெற்றியிலும் ஒரு துப்பாக்கியை வைத்துப் பார்க்கிறார்கள். அது என்னை நலம் என்று சொல்லிவிட்டது. உங்கள் எல்லாரையும் அப்படியே சொல்ல வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் உரக்கப் படிக்கச் சொன்னார் மதர். பிரியாணி வரியில் எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சியில் இருக்கும் மற்றப் பிள்ளைகள், 'நமக்கும் மாடி இருக்கிறதே, நாமும் கூடாரம் போடலாமா' என்று கேட்டார்கள். மதர் முறைத்தார், ஆனால் மறுக்கவில்லை.

எனக்குச் சமையலறையும் தோட்டமும் கொடுத்திருக்கிறார்கள். வெங்காயம் உரிக்கும்போது உங்கள் நினைவு வருகிறது. உங்களுக்குத்தான் எத்தனை உரித்தாலும் கண்ணில் தண்ணீர் வராதே.

அண்ணனிடம் சொல்லுங்கள். இரண்டு வரி போதும். 'நல்லா இருக்கியா, நான் நல்லா இருக்கேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கூட வைத்துக்கொள்வேன்.

உங்கள் அன்பு ஜோதி

*

திண்டிவனம்
26 ஜூலை 2020

அன்பான அண்ணிக்கு,

புதன்கிழமை மதர் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். அண்ணன் பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அடக்கம் ஆகிவிட்டது என்று. எனக்குச் சொல்லும்போதே எல்லாம் முடிந்திருந்தது. இங்கே இரண்டு சிஸ்டர்களுக்குத் தொற்று. மடத்துக் கதவைப் பூட்டியிருக்கிறார்கள், யாரும் வெளியே போக முடியாது. ஒருமுறை போன் செய்ய அனுமதித்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, நீங்கள் எடுக்கவில்லை. உங்களுக்கும் காய்ச்சல், வீட்டைத் தகரம் அடித்து மூடியிருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? யார் சமைத்துக் கொடுக்கிறார்கள்? அம்மா தனியாகவா இருக்கிறார்?

அண்ணி, ஒன்றே ஒன்று மட்டும் எழுதுங்கள். அண்ணனை மண்ணில் வைக்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? எந்த இடத்தில் வைத்தார்கள்? நான் வந்து பார்க்க முடியாது. கண்ணை மூடினால் ஒரு இடமாவது தெரிய வேண்டும். இப்போது ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக இருக்கிறது.

ஜோதி

*

காஞ்சிபுரம்
1 செப்டம்பர் 2020

அன்புள்ள ஜோதி,

நலம். காய்ச்சல் விட்டுவிட்டது. மாடிப்படி பாதி ஏறியதும் மூச்சு நின்றுவிடுகிறது, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறேன். தகரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா முசரவாக்கத்தில் உன் சித்தி வீட்டில் இருக்கிறார், சாப்பிடுகிறார்.

முகாம் நின்றுவிட்டது. ஜூலை பத்தொன்பது, ஞாயிறு முழு ஊரடங்கு. நான் மாடியில் நின்று விசில் ஊதினேன். ஊதக் கூடாத விதத்தில் ஊதிவிட்டேன். பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஓடி வந்து, தகரம் அடித்த வீட்டுக்கு முன்னால் வட்டமாக நின்றுவிட்டார்கள். யாரோ வீடியோ எடுத்து வாட்ஸப்பில் போட்டார்கள். போலீஸ் வந்து பெற்றோரைத் திட்டியது. தலைமையாசிரியை எழுத்தில் விளக்கம் கேட்டார். 'பயிற்சியின்போது தவறுதலாக ஊதிவிட்டேன்' என்று கொடுத்தேன். சாரணியர் வேலையெல்லாம் மறு உத்தரவு வரும்வரை நிறுத்தம்.

அதற்கு அடுத்த வாரம் கீர்த்திக்குத் தொற்று வந்தது. பிழைத்துவிட்டாள். அவள் அம்மா சந்தியா நடுத்தெருவில் நின்று கத்தினாள். "உனுக்கு வந்துச்சுன்னா எம் பொண்ணுக்கும் வரணுமா? விசிலு ஊதி கூப்ட்டு குடுத்துட்டியேம்மா!" அவள் கேட்டதில் தப்பில்லை. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்தது என்பார்கள். பறித்தது நான்.

மருந்து வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீயும் பத்திரமாக இரு.

சுகாசினி

*

திண்டிவனம்
13 செப்டம்பர் 2020

அன்பான அண்ணிக்கு,

இங்கே நலம். இரண்டு சிஸ்டர்களும் தேறிவிட்டார்கள். கதவு இன்னும் திறக்கவில்லை.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அண்ணன் பெயர்கூட இல்லை. தலைமையாசிரியை இருக்கிறார், போலீஸ் இருக்கிறது, கீர்த்தி அம்மா இருக்கிறார்.

பத்தொன்பதாம் தேதி என்று எழுதியிருக்கிறீர்கள். அது அண்ணனை அடக்கம் செய்த நாள். அன்றைக்கா அண்ணி பயிற்சி?

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஜோதி

*

காஞ்சிபுரம்
9 அக்டோபர் 2020

அன்புள்ள ஜோதி,

சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

ஆன்லைனில் மட்டும் சாரணியர் வகுப்பு எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். புதன், சனி எடுக்கிறேன். முதலுதவி நடக்கிறது. வீட்டில் யாராவது உட்கார்ந்தால் அவர் கையில் தூளிக்கட்டு போட்டுப் பழகு, யாரும் உட்காராவிட்டால் தலையணைக்குப் போடு என்றேன். வடிவு அவள் அப்பாவின் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். மனிதர் மாட்டிக்கொண்டு, "ஆர்டர் வந்துக்கினு இருக்குது, கைய அவுத்து வுடும்மா" என்று கெஞ்சுகிறார். எல்லாருடைய போனிலும் சிரிப்புச் சத்தம் வந்தது. சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்கும் தெரிந்தது, சிரித்தேன்.

கீர்த்தி வருவதில்லை. அவள் அம்மா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். போன் திரையில் அவள் கட்டம் மட்டும் இல்லாமல் வகுப்பு நடக்கிறது.

நீ கேட்டதை மறக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்கிற மாதிரி இருக்கிறேன். கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது, வலி தெரியவில்லை. நான் அழவில்லை என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். சாப்பிடுகிறேன், துணி துவைக்கிறேன். அவருடைய காக்கிச் சட்டையையும் ஒரு தடவை துவைத்து மடித்து வைத்தேன். ஏன் துவைத்தேன் என்று கேட்டால் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுகாசினி

*

திண்டிவனம்
18 அக்டோபர் 2020

அன்பான அண்ணிக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. எனக்குச் சளி, வேறு ஒன்றும் இல்லை, துப்பாக்கி பார்த்துவிட்டது.

நவம்பர் இரண்டு வருகிறது. கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையை அண்ணன்தான் வருஷா வருஷம் வெள்ளை அடிப்பார். நான் செவ்வந்திப் பூவைச் சிலுவை மாதிரி அடுக்குவேன். அவர் பின்னால் நின்று "கோணலா இருக்குது பாரு" என்று கலைத்து விடுவார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இந்த வருஷம் அண்ணனுக்கு. நீங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பூ வைத்து, ஒரு மெழுகுவர்த்தி எனக்காக ஏற்றுங்கள். எந்த இடம், பக்கத்தில் மரம் இருக்கிறதா, சுவரா என்று எழுதுங்கள். அன்றைக்கு மாலை ஜெபத்தில் நான் அந்த இடத்தை நினைத்துக்கொண்டு முழங்காலில் நிற்பேன்.

ஜோதி

*

காஞ்சிபுரம்
17 நவம்பர் 2020

அன்புள்ள ஜோதி,

சுகம். அம்மாவும் சுகம்.

மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்று அதிகமாக இருந்தது, இரண்டு தடவை அணைந்தது. செவ்வந்தி முழம் விலை ஏறிவிட்டது, சம்பங்கி வாங்கினேன்.

வடிவு திசைகாட்டித் தேர்வில் பாஸ்.

சளிக்கு மிளகுக் கஷாயம் வைத்துத் தரச் சொல்.

சுகாசினி

*

திண்டிவனம்
6 டிசம்பர் 2020

அண்ணிக்கு,

நலம்.

அம்மா யாரையோ பிடித்து எனக்கு ஒரு கடிதம் எழுத வைத்திருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். "கேட்டாண்டயே மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துட்டோம் கண்ணு. உங்க அண்ணி உள்ள காலே வைக்கல. எங்கடி எம் புள்ளைய வெச்சிருக்கன்னு கேட்டேன். வாயே தொறக்கல. ரோட்டயே பாத்துக்கினு நிக்கிது."

கேட்டில் ஏற்றினீர்களா? நான் அன்றைக்கு முழங்காலில் நின்று ஒரு மரத்தடியை நினைத்துக்கொண்டிருந்தேன். நானாக வரைந்துகொண்ட மரம்.

எனக்குக் கோபமாக இருக்கிறது. மடத்தில் கோபம் வந்தால் மதரிடம் சொல்ல வேண்டும், சொன்னேன். உங்களையே கேட்கச் சொன்னார். அவர் உங்கள் புருஷன், நான் தங்கச்சி. ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? அவரை எங்கே வைத்தீர்கள்?

ஜோதிகா

*

காஞ்சிபுரம்
28 டிசம்பர் 2020

அன்புள்ள ஜோதி,

கிறிஸ்துமஸ் வாழ்த்து தாமதமாகச் சொல்கிறேன். அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன், கட்டிக்கொள்ளவில்லை.

எங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதுதான் பதில். ஐந்து மாதமாக எழுதாமல் இருந்தது இந்த ஒரு வரிதான்.

அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்றே எனக்கும் பாசிட்டிவ் என்று சொல்லி, வாசலில் தகரத்தை வைத்து ஆணி அடித்தார்கள். கடைசியாகப் போனில் பேசும்போது "சாப்ட்டியா" என்றார். சாப்பிட்டேன் என்றேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்துதான் போன் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொரு போன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், அவரோடு முன்னே கம்பெனி பஸ் ஓட்டியவராம். "அண்ணி, பாடிய என் வண்டியிலதான் எடுத்துக்கினு போறேன். உங்க தெரு வழியா வரேன். ஒரு நிமிஷம் நிறுத்துறேன், மாடிக்கு வந்துருங்க" என்றார். பெயர் கேட்கத் தோன்றவில்லை. அந்த நம்பரை அப்புறம் அடித்தால் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது.

படியைப் பிடித்துப் பிடித்து மாடிக்குப் போனேன். வண்டி வந்து நின்றது. மேலிருந்து பார்த்தால் வெள்ளைக் கூரைதான் தெரிந்தது. அவர் முகமா, காலா, எதுவும் தெரியவில்லை. கீழே இறங்கித் தொட முடியாது. ஜெபம் சொல்ல வாய் வரவில்லை. கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. முகாம்களில் யாராவது இறந்த செய்தி வந்தால் நீளமாக ஒரே ஊதல் ஊதி எல்லாரையும் நிறுத்துவேன். அதைத்தான் ஊத நினைத்தேன். ஒரே ஒரு நீளமான ஊதல். தெரு ஒரு நிமிஷம் அவருக்காக நிற்கட்டும் என்று.

நுரையீரலில் காற்று இல்லை ஜோதி. ஊதினால் சின்னதாக வந்து நிற்கிறது. மறுபடி ஊதினேன், மறுபடி சின்னதாக. விட்டு விட்டு, விட்டு விட்டு. பிள்ளைகளுக்கு அது என்ன கட்டளை என்று உனக்கு எழுதியிருக்கிறேன். முகாம் நேரம் இல்லை, கூப்பிட்டது யார், எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்துவிட்டார்கள். வண்டியைச் சுற்றி நின்றார்கள். நான் போங்கள் என்று கத்தினேன், சத்தம் வரவில்லை. வண்டி கிளம்பியது. கையை அந்தப் பக்கம் நீட்டியபடி நின்றேன். அவ்வளவுதான் நான் அவருக்குச் செய்தது.

தகரம் பிரித்ததும் இடுகாட்டுக்குப் போனேன். பாலாற்றுப் பக்கம், ஓரிக்கை தாண்டி. காவலாளி நல்ல மனிதர்தான். "அந்த வாரம் வரிசையா வெச்சாங்கம்மா. எது யாருதுன்னு நான் எப்படி சொல்லுவேன்" என்றார். ஏதாவது ஒரு மேட்டைக் காட்டி அம்மாவிடம் இதுதான் என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் வாய் வரவில்லை. அதனால் கேட்டிலேயே ஏற்றினோம்.

பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டாய். யாரும் இல்லை. பெயர் தெரியாத நாலு பேர் பெயர் தெரியாத ஒருவரைப் புதைத்திருப்பார்கள். இதை உனக்கு எப்படி எழுதுவது என்றுதான் முடிச்சு, கட்டு, கூடாரம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

சுகாசினி

*

திண்டிவனம்
10 ஜனவரி 2021

அன்பான அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இந்தத் தடவை யாருக்கும் உரக்கப் படிக்கவில்லை. மதரும் கேட்கவில்லை.

நான் கேட்டுக் கேட்டு உங்களைப் படுத்தியிருக்கிறேன். இனி கேட்க மாட்டேன். தெரியாத இடத்துக்கு ஜெபிக்கப் பழகிக்கொள்கிறேன். கடலில் போனவர்களுக்கும் ஜெபிக்கிறார்கள்தானே.

மூச்சு எப்படி இருக்கிறது? படி ஏற முடிகிறதா? வடிவு அப்பாவின் கையை அவிழ்த்துவிட்டாளா? அதை எழுதுங்கள். எனக்கு அது போதும்.

உங்கள் ஜோதி

*

காஞ்சிபுரம்
23 ஜனவரி 2021

அன்புள்ள ஜோதி,

பத்தாம் வகுப்புக்குப் பள்ளி திறந்துவிட்டார்கள். கீர்த்தி வந்தாள். இளைத்திருக்கிறாள், உயரமாகிவிட்டாள். என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போவாள் என்று நினைத்தேன். இடைவேளையில் நேராக வந்து நின்று, "மிஸ், ரிப்போர்ட் குடுக்கவே இல்ல நான்" என்றாள். எந்த ரிப்போர்ட் என்று கேட்டேன். சொன்னாள்.

நான் வகுப்பறை பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். மணி அடித்துப் பிள்ளைகள் உள்ளே வந்தும் நிறுத்த முடியவில்லை. கணக்கு டீச்சர் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஊசி போட்ட கன்னம் சரியானால் எப்படி வலிக்கும் என்று உனக்குத் தெரியும்.

நாளைக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறோம். கீர்த்தியும் வருகிறாள். அவள் அம்மா சந்தியாவே, "இட்டுக்கினு போ மிஸ்ஸு. எனுக்கு இது தெரியாது, அவளப் போட்டு அடிச்சிட்டேன்" என்று அனுப்புகிறாள்.

நான் எழுதினால் என் அழுகையும் சேர்ந்துவிடும். பார்த்தவளே எழுதட்டும் என்று சொன்னேன். அவள் கடிதம் இதோடு இருக்கிறது. ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

அண்ணி

*

காஞ்சிபுரம்
22.1.2021

மதிப்பிற்குரிய சிஸ்டர் ஜோதிகா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் கீர்த்தி. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். மல்லிகை அணியின் தலைவி. நான் நலம். காய்ச்சல் வந்து போய்விட்டது, வாசனை மட்டும் இன்னும் சரியாகத் தெரியவில்லை. நீங்கள் நலமா? மிஸ் உங்களுக்கு எழுதச் சொன்னார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்று விசில் கேட்டது. ஓடி வா என்ற விசில். நான் ஓடி வந்தேன், மற்றவர்களும் வந்தார்கள். இடைவெளி விட்டுக் குதிரை லாட வடிவில் நின்றோம். நடுவில் ஆம்புலன்ஸ் இருந்தது. மிஸ் வீட்டு சார் உள்ளே இருக்கிறார் என்று டிரைவர் சொன்னார். மிஸ் மாடியில் நின்றார்கள். வண்டி கிளம்பியதும் மிஸ் கையை வண்டி போகிற பக்கம் நீட்டினார்கள். அணித் தலைவி பின்னாலேயே போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும் என்று எனக்குக் கட்டளை கொடுக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

வழியில் தடுப்பு போட்டிருந்தார்கள். மருந்து வாங்கப் போகிறேன் என்று போலீஸிடம் சொன்னேன். அது பொய். சாரணியர் பொய் சொல்லக் கூடாது, ஆனால் சொன்னேன். வண்டியைத் தவற விட்டுவிட்டேன். எங்கே கொண்டு போவார்கள் என்று ஊருக்கே தெரியும் என்பதால் போய்ச் சேர்ந்தேன். டிரைவர் கேட்டிலேயே விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கொண்டுவரப் போய்விட்டார். என்னை உள்ளே விடவில்லை. ஆற்றுப் பக்கம் சுவர் உடைந்த இடம் இருக்கிறது, அங்கே போய் நின்றேன். அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

வெள்ளை உடை போட்ட நாலு பேர் இருந்தார்கள். கயிறு போட்டு இறக்கினார்கள். ஒரு பக்கக் கயிறு நழுவி, சார் கோணலாக இறங்கிவிட்டார். ஒருவர் "இரு இரு" என்று சொல்லிவிட்டு, தானே குழிக்குள் இறங்கி நேராகப் படுக்க வைத்தார். தலைப் பக்கம் ஒரு கல் இருந்தது, அதை எடுத்து வெளியே போட்டார். பிறகு அவரைக் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

அப்போது ஒருவர், "யாருபா இது, பேரு என்னா?" என்று கேட்டார். இன்னொருவர், "சீட்டு நனஞ்சிட்டுது, ஒண்ணும் தெர்ல" என்றார். எனக்குத் தெரியும் என்பதால் நான் கத்தினேன். "சிட்டிபாபு! அவரு பேரு சிட்டிபாபு! எங்க மிஸ் வூட்டுக்காரரு! கிறிஸ்டியன்!" என்றேன். நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "நீ யாரு பாப்பா, கிட்ட வராத" என்றார் குழிக்குள் இறங்கியவர். "கைடு" என்றேன். சாரணியரைத்தான் அப்படிச் சொல்வோம், அவருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் குனிந்து, "போய்ட்டு வாப்பா சிட்டிபாபு" என்று சொல்லி ஒரு கை மண் போட்டார். மற்ற மூன்று பேரும் பெயர் சொல்லிப் போட்டார்கள். ஒருவர் சிலுவை போட முயற்சி செய்தார், வலது இடது மாற்றிப் போட்டார்.

நான் சீருடையில் இல்லை. அதனால் சல்யூட் வைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அட்டென்ஷனில் நின்றேன், அவர்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போகும்வரை.

இடம்: சுவர் உடைந்த இடத்தில் நின்று பார்த்தால் ஒற்றைப் பனை தெரியும். பனைக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில், பனைக்குக் கொஞ்சம் கிட்டே. மிஸ்ஸிடம் படம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மா அடித்தார்கள். மறுநாள் ரிப்போர்ட் கொடுக்க வந்தேன், தகரம் இருந்ததால் பார்க்க முடியவில்லை. பிறகு எனக்குக் காய்ச்சல். பிறகு அம்மா விடவில்லை. மிஸ்தானே என்னை அனுப்பினார்கள், அதனால் நான் போனது அவர்களுக்குத் தெரியும் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

ஏதாவது விட்டுப்போயிருந்தால் கேட்டு எழுதுங்கள் சிஸ்டர். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள,
ச. கீர்த்தி